பெயருக்குப் பூஜ்யம்

உலகம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சாயங்காலக் காப்பி குடித்தாகிவிட்டது, விளக்கேற்ற இன்னும் நேரம் இருக்கிறது, நடுவே கிடக்கிற பொழுதுக்கு அவளிடம் ஒப்படைக்கப்பட்டது இந்தக் கீரை. சில மாசமாக இதே கீரைதான். கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள், மூளைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், மருமகள் ஹேமலதா தான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு மரத்தை மொட்டையடித்துக் கொண்டுவந்து கொட்டுகிறாள். முருங்கைக்கீரையைத் துணியில் சுற்றி ஒரு ராத்திரி வைத்தால் விடிகிறபோது இலை தானாகக் காம்பை விட்டுவிடும், உதறினால் போதும். பாளையங்கோட்டையில் இது தெரியாத பொம்பளை உண்டா? ஹேமலதா திருச்சிக்காரிதான், அவளுக்கும் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு காம்பாக உருவச் சொல்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? கீரை வேண்டாம், அத்தை ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று அர்த்தம். அறுபத்தாறு வயதில் கையில் கிலுகிலுப்பையைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அரிவாள்மனை பரணுக்குப் போய்விட்டது. அடுப்புப் பற்றவைக்கிற லைட்டர் ஹேமலதாவின் பீரோவுக்குப் போய்விட்டது. இரண்டு பிள்ளைகளைப் பெற்று, மாமியாரின் கடைசிக்காலம் வரைக்கும் மலம் அள்ளி, இந்த அடுப்படியில் வெந்தவளுக்கு இன்று பச்சைத் தண்ணீர் மட்டும்தான் சொந்தமாக எடுத்துக் குடிக்க அனுமதி. இதைச் சொன்னால் கோபம். கோபப்பட்டால் வியாதி. வாயை மூடிக்கொண்டு கீரையை உருவு உலகம்மா.

"காய்ச்சல்னு சொல்லிருவோம்ப்பா" என்றது ஹாலிலிருந்து மூத்த மகன் சிதம்பரத்தின் குரல். "வைரஸ் காய்ச்சல். ஒட்டிக்கிடும்னு சொன்னா அம்மாவப் பாக்கணும்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"வியாழக்கெழம சரி. கல்யாணத்தன்னைக்கு என்னத்தச் சொல்லுவ?" இது அவர், அவளுடைய வீட்டுக்காரர்.

"அத அப்பப் பாத்துக்கிடலாம். மொதல்ல நிச்சயம் முடியட்டும். பொண்ணு வீட்ல இது பரம்பர வியாதின்னு நெனச்சுட்டாங்கன்னா குற்றாலத்துக்குப் பொண்ணு கெடைக்குமா?"

சத்தத்தைக் குறைத்துக்கூடப் பேசவில்லை. மூளை தேய்ந்தவளுக்குக் காதும் தேய்ந்துவிடும் என்று இவர்களுக்கு யார் சொன்னார்கள்? குற்றாலம் யார்? அவள் பெற்ற இரண்டாவது பிள்ளை. பெங்களூரில் வேலை, முப்பத்துநாலு வயதாகி, ஜாதகம் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போய், இப்போதுதான் கோவில்பட்டியில் ஓர் இடம் தகைந்திருக்கிறது. அந்தப் பெண்ணின் போட்டோவைப் பார்த்து, நெற்றி நல்ல நெற்றி, இந்தப் பிள்ளை வரட்டும் என்று முதலில் வாயைத் திறந்தது யார்? நிச்சயப் புடவையை ஜவுளிக்கடையில் கடைப்பெண்ணின் உயிரை வாங்கித் தேடி எடுத்தது யார்? வியாழக்கிழமை தட்டு மாற்றும்போது அந்தப் புடவை போகும், புடவையை எடுத்தவள் போகமாட்டாள். மாப்பிள்ளைக்கு அம்மா இருக்கிறாளா என்று கேட்டால் இருக்கிறாள், காய்ச்சலில் இருக்கிறாள். வராத காய்ச்சலுக்கு இந்த வீட்டில் இருக்கிற மரியாதை இருக்கிற மனுஷிக்கு இல்லை. அவள் கையிலிருந்த காம்பு இரண்டாக ஒடிந்தது. ஒடியட்டும்.

எல்லாம் அந்தக் கேள்வியால் வந்தது. டாக்டர் சின்னப் பையன், நல்ல பையன்தான், அம்மா அம்மா என்றுதான் பேசினான். இன்றைக்கு என்ன கிழமை என்றான், சொன்னாள். தேதி கேட்டான், தடுமாறினாள், ஆனால் சம்பளம் வாங்காதவளுக்குத் தேதி எதற்கு? பிறகு படம் போட்ட அட்டைகளைக் காட்டினான். கத்தரிக்கோல், ஆமை, குடை, எல்லாம் சொன்னாள். அப்புறம் ஓர் அட்டை. கழுத்து நீலமாய், கொண்டை தூக்கி, பின்னால் விசிறி மாதிரி விரித்துக்கொண்டு அது நின்றது. இது என்ன பறவைம்மா என்றான். "தோகை விரிச்சு ஆடுமே, அது" என்றாள். பேரு என்னம்மா? "ஆண்டவன் வாகனம்." அதோட பேரு? அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரைத் திரும்பிப் பார்த்தாள். டாக்டர் தாளில் ஒரு பூஜ்யம் எழுதினான். எழுதிவிட்டு, சரி, உங்க வீட்டுக்காரர் பேர் என்ன என்றான். மறுபடி அவரைத் திரும்பிப் பார்த்தாள். ரேஷன் கடையில், பள்ளிக்கூடத்தில், ஓட்டுப் போடுகிற இடத்தில், எங்கே யார் கேட்டாலும் அப்படித்தான் பார்ப்பாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்வார்கள். அவர் சொல்வார் என்று பார்த்தாள். அவர் சொல்லவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. "பாத்தீங்களா டாக்டர், எம் பேரே மறந்துபோச்சு அவளுக்கு" என்றார்.

அவர் பேரைக் கதை சொல்கிற நாம் தாராளமாகச் சொல்லலாம். மயிலேறும்பெருமாள். உலகம்மாள் சொல்லமாட்டாள். புருஷன் பேரை வாயால் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்த வீட்டில் பிறந்தவள் அவள். பேரை மட்டுமா விட்டாள், பேரில் இருக்கிற ஒவ்வொரு துண்டையும் விட்டாள். மயில் கிடையாது, தோகைதான். மயிலிறகு கிடையாது, இறகுதான். மயில்கழுத்து நிறத்துப் புடவை வேண்டுமானால் கடையில் "தோகைக் கலர்" என்பாள். குற்றாலத்தின் நிச்சயத்துக்கு எடுத்த புடவையும் அதே நிறம்தான், அந்தக் கடைப்பெண் பச்சை, ஊதா என்று அடுக்கடுக்காய்ப் பிரித்துப் போட்டபிறகுதான் விளங்கிக்கொண்டாள். பெருமாள் கோவிலுக்குப் போனால் நாமக்கோவிலுக்குப் போய்விட்டு வந்தேன் என்பாள். மூன்று துண்டில் "ஏறும்" ஒன்றுதான் அவளுக்கு மிச்சம், அதை வைத்துக்கொண்டு பஸ் ஏறலாம், மாடி ஏறலாம். கல்யாணமாகி முதன்முதலில் இந்த வீட்டு வாசலுக்கு வந்தபோது நாத்தனார்மார் வாசலை மறித்துக்கொண்டு, மாப்பிள்ளை பேரைச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்று நின்றார்கள். அவளுக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. நிலைப்படிக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தில் காலடியில் நிற்கிற பறவையை விரலால் காட்டினாள். கூடியிருந்தவர்கள் ஹோவென்று சிரித்தார்கள். மாமியார் வந்து கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, வளர்ப்புன்னா இது வளர்ப்பு என்றாள். அன்றைக்கு அதற்கு நெட்டி முறிப்பு, இன்றைக்கு அதற்குப் பூஜ்யம். அதே விஷயம்தானே? அவளா மாறினாள்? பரீட்சை வைக்கிறவன் மாறினால் அவளா பொறுப்பு?

டாக்டரைக் கூட விட்டுவிடலாம். அவன் அம்மா அவன் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவளாக இருக்கும், அவனுக்கு என்ன தெரியும். இவருக்கு என்ன வந்தது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவள் வாயில் அவர் பேரைக் கேட்டிருப்பாரா? கேட்டதில்லை என்பதாவது அவருக்குத் தெரியுமா? நாற்பத்தேழு வருஷம் ஒருத்தி ஒரு வார்த்தையை நாக்கு நுனியில் வைத்து விழுங்கிக்கொண்டே வந்திருக்கிறாள், சாப்பாட்டுக்கு வாங்க, ஏங்க, பிள்ளைகளோட அப்பா, இந்தாங்க என்று சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள், விழுங்கியது யாருக்காக? அவர் ஆயுசுக்காக. அந்த ஆயுசை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்கிறார் என்றால் போனை எடுத்து ஊர் உலகத்துக்கெல்லாம், எம் பேரே அவளுக்குத் தெரியல என்று சொல்லி அழுகிறார். அவருக்குத்தான் எவ்வளவு ஆறுதல் வருகிறது! தங்கமான மனுஷன், இந்த வயசில் உங்களுக்கு இந்தக் கஷ்டமா என்கிறார்கள். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் கண்ணாடி தேடுகிறவர் அவர். அவர் தலையை யாரும் அந்த ஸ்கேன் குழாய்க்குள் விட்டுப் படம் எடுக்கவில்லை.

அவளுக்குத்தான் படம் எடுத்தார்கள். எடுத்த படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி டாக்டர் விளக்கினான், அவளிடம் இல்லை, மகனிடம். மூளையிலே கோடிக்கணக்கில் நரம்புச் செல்கள் இருக்காம். ஒன்றோடு ஒன்று ஓயாமல் பேசிக்கொண்டே இருக்குமாம். வயசானால் எல்லாருக்கும் பேச்சு கொஞ்சம் மெதுவாகும், அது சகஜம். இந்த வியாதியிலே செல்களைச் சுற்றிக் கசடு மாதிரி ஒரு புரதம் படிந்து, பேச்சு அறுந்து, செல்கள் சுருங்கிச் செத்துப்போகுமாம். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பேச்சு வார்த்தை நின்றுபோனால் உறவு சாகும் என்பது உலகம்மாளுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டிய சங்கதியா? அவன் இன்னொன்றும் சொன்னான், அதுதான் அவளை விடாமல் அரிக்கிறது. சாகிறதுக்கு முன்னாடி சில செல்கள் அடங்காமல் ஆடுமாம். தேவைக்கு மேலே கத்துமாம். அதனாலே எரிச்சல் வரும், சந்தேகம் வரும், கோபம் வரும், அது உங்க அம்மா இல்ல, வியாதி, எதிர்த்து வாதாடாதீங்க, சரின்னு சொல்லிருங்க. அன்றோடு முடிந்தது. காரில் வரும்போதே மகனிடம் சொன்னாள். ஏல, நான் மறக்கலலே, ஒங்கப்பா பேர நான் எப்படிலே சொல்லுவேன், ஒனக்குத் தெரியாதா என்றாள். "சரிம்மா" என்றான். சரி இல்லலே, டாக்டர்ட்ட போய்ச் சொல்லு என்றாள். "சரிம்மா, சொல்லுதேன்" என்றான். குரலில் பஞ்சு வைத்துப் பேசினான். எதைச் சொன்னாலும் சரி. வீடு இடிந்து விழுகிறது என்றாலும் சரிம்மா. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லை. இல்லை என்றால் சண்டை போடலாம், சண்டை போட்டு ஜெயிக்கலாம், தோற்கலாம். சரி என்கிறவனிடம் என்ன செய்ய?

அப்போ இந்தக் கோபம் யாருடையது? உலகம்மாள் உருவுவதை நிறுத்திவிட்டு உள்ளங்கையைப் பார்த்தாள். பச்சையாக இருந்தது. இப்போது நெஞ்சுக்குள் கொதிக்கிறதே, இது அவளா, ஆடுகிற செல்லா? செல் கத்தினால் அதற்கு நியாயம் தெரியுமா? வாசலில் நெட்டி முறித்ததும் டாக்டர் பூஜ்யம் போட்டதும் அதற்குத் தெரியுமா? எதன்மேல் கோபப்பட வேண்டும் என்று இவ்வளவு சரியாகக் கணக்குப் பார்த்துக் கோபப்படுகிற வியாதி உண்டா? மாமியார் காலத்தில் கோபப்பட்டாள், அப்போது வாயாடி என்றார்கள். மகன்கள் வளர்ந்தபோது கோபப்பட்டாள், ரத்தக்கொதிப்பு என்றார்கள். மாதவிலக்கு நின்ற காலத்தில் கோபப்பட்டாள், அந்த வயசு அப்படித்தான் என்றார்கள். அவளுக்குக் கோபம் வந்தது என்று ஒரு தடவையாவது யாராவது சொன்னார்களா? எப்போது பார்த்தாலும் அவள் கோபத்துக்கு வேறு யாராவது தகப்பன்.

ஆனால் மறதி இருக்கிறது. அதை அவள் இல்லை என்று சொல்லமாட்டாள், பொய் சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது. பாலைப் பொங்கவிட்டது நிஜம். பீரோவுக்குள் தயிர்க்கிண்ணம் இருந்தது நிஜம், வைத்தது அவள்தான், வேறு யார் வைப்பார்கள். டாக்டர் அஞ்சு வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோது இரண்டு வார்த்தை எங்கே போனது என்று தெரியாமல் முழித்ததும் நிஜம். அதைவிட மார்க்கெட். கருவேப்பிலை வாங்கிக்கொண்டு திரும்பினாள், அவ்வளவுதான், தெரு தெரியவில்லை. வாழைத்தார் இருந்தது, சைக்கிள் இருந்தது, போர்டில் எழுத்து இருந்தது, எழுத்தை வாசிக்கவும் முடிந்தது, ஆனால் எந்தப் பக்கம் போனால் வீடு என்பதை மட்டும் யாரோ எடுத்துவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே ஈரக்காற்று அடித்தது மாதிரி இருந்தது. யாரிடமாவது கேட்கலாம், என்னவென்று கேட்பது? எங்க வீடு எங்கே என்றா? ஒரு பூக்காரி, என்னம்மா வெயில்ல நிக்கீக என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் சடாரென்று தெரு வந்துவிட்டது, அந்த அரசமரம், அதற்கு அந்தப் பக்கம் சர்ச், அங்கிருந்து இடது கை. வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. குளிக்கிற அறைக்குள் போய் வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். பயம் இல்லாமலா இருக்கும்? பயம் அவளுக்குத்தான் உண்டு, முழுசாக உண்டு. மற்றவர்களுக்கு இருப்பது சங்கடம். அதனால்தான் சொல்கிறாள், மறந்ததற்கு மார்க்கைக் குறைத்துக்கொள், வாயே திறக்கமாட்டேன். மறக்காததற்கு ஏன் குறைக்கிறாய்? போகிறது போகட்டும், இருக்கிறதையும் ஏன் பிடுங்குகிறாய்?

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. டாக்டர் சொன்னானே, புழங்காத இணைப்பு தேய்ந்துபோகும் என்று. தினமும் பேசுங்க, பாடுங்க, பேர்களைச் சொல்லிச் சொல்லிப் பழகுங்க, விட்டுட்டா அந்த வழி மூடிக்கிடும் என்று. அவள் அந்தப் பேரைப் புழங்கவே இல்லையே. நாற்பத்தேழு வருஷமாக ஒருநாளும் அந்த வழியில் நடக்கவில்லையே. சொல்லமாட்டேன் என்று பூட்டி வைத்தாள், சரி, உள்ளே அது இருக்கிறதா? திறந்து பார்த்தாளா? சொல்லாமல் இருப்பதற்கும் சொல்லத் தெரியாமல் இருப்பதற்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் கிடையாது. உள்ளேயிருந்து பார்த்தால் உண்டா? டாக்டர் கேட்டபோது அவள் அவரைத் திரும்பிப் பார்த்தது மரியாதையாலேயா, இல்லை, வேறே எதனாலேயா?  மனதுக்குள் சொல்லிப் பார்த்தால் ஆயுசு குறையாது, மனசுக்குச் சத்தம் கிடையாது. சொல்லிப் பார். அவள் கண்ணை மூடினாள். தோகை வந்தது. நீலக் கழுத்து வந்தது. முருகன் படத்துக்கு மாமியார் போடுகிற செவ்வரளி மாலை வந்தது. அவர் இளவயதில் போட்ட கட்டம்போட்ட சட்டை வந்தது, மில்லுக்குப் போகிற சைக்கிளின் மணிச்சத்தம் வந்தது, முதல் பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் சிகரெட்டைக் காலால் மிதித்துவிட்டு ஓடிவந்த முகம் வந்தது. பேர் வரவில்லை. எல்லாம் வருகிறது, பேர் மட்டும் வரவில்லை. ஏறும். ஏறும் இருக்கிறது. முன்னாலே என்ன? பின்னாலே என்ன? மார்க்கெட்டில் அடித்த அதே ஈரக்காற்று. முருகா, இதுவும் போய்விட்டதா? அப்போ அவர்கள் சொன்னது சரியா, டாக்டர் போட்ட பூஜ்யம் சரியா, இவ்வளவு நேரம் நியாயம் பேசியதெல்லாம் ஆடுகிற செல்லா? 

"ஆமாக்கா" என்று ஹாலில் அவர் குரல் எழுந்தது. சங்கரன்கோவிலில் இருக்கிற தன் அக்காளுக்குப் போன் போட்டுவிட்டார். "நாங்க மூணு பேருதான் போறோம். அவளக் கூட்டிட்டுப் போயி, அங்க வச்சு ஏதாவது பேசிட்டான்னா? என்னத்தச் சொல்ல, கட்டுன புருசன் பேரே தெரியல. கொழந்த மாதிரிக்கா. ஒண்ணும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைய ஒரு நாளைக்குப் பாத்துக்கிடச் சொல்லியிருக்கோம். நம்ம போறதுகூட அவளுக்குத் தெரியப் போறதில்ல." அப்புறம் மூக்கை உறிஞ்சினார்.

உலகம்மாளுக்குள் என்ன நடந்தது என்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. செல் கத்தியதோ, அவள்தான் கத்தினாளோ, இரண்டும் சேர்ந்து கத்தியதோ, அடிவயிற்றிலிருந்து ஒரு சூடு கிளம்பி மார்பு வழியாக மேலே வந்தது. வந்த சூட்டோடு பேரும் வந்துவிட்டது. முழுசாக வந்தது, ஒரு துண்டு குறையாமல். அவள் தரையில் கையை ஊன்றி எழுந்தாள். மடியிலிருந்த இலையெல்லாம் சிதறியது. முழங்கால் வலித்தது, வலிக்கட்டும். அடுக்களை நிலையைத் தாண்டி ஹாலுக்குள் போய் நின்றாள். சோபாவில் அவர், எதிர் நாற்காலியில் சிதம்பரம், சாப்பாட்டு மேஜையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டு ஹேமலதா. மூன்று பேரும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தார்கள். சாமான் கீழே விழாமல் மெதுவாக வைப்பதுபோன்ற சிரிப்பு.

"என்னம்மா, கீரை ஆய்ஞ்சுட்டியா?" என்றான் சிதம்பரம்.

அவள் மகனைப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"மயிலேறும்பெருமாள்" என்றாள்.

குரல் கம்மவில்லை, தடுமாறவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு கூப்பிடுகிற மாதிரி கணீரென்று வந்தது. ஹேமலதாவின் சிவப்புப் பேனா தாள்மேல் அப்படியே நின்றது. அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று உலகம்மாள் அவர் நெஞ்சைப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மூச்சு ஒழுங்காகத்தான் ஏறி இறங்கியது. அப்போ நிறுத்துவானேன்?

"மயிலேறும்பெருமாள். அதான் ஒங்க பேரு. டாக்டர் கேட்டன்னைக்கும் தெரியும், இன்னைக்கும் தெரியும். அந்த அட்டையில இருந்தது மயிலு. மயிலு, மயிலு, மயிலு. போயி எழுதச் சொல்லுங்க. வியாழக்கெழம எம் மகனுக்கு நிச்சயம். எனக்குக் காய்ச்சல் இல்ல. நான் வாரேன்."

அவர் கையிலிருந்த போன் மடியில் விழுந்தது. அதற்குள்ளிருந்து அக்காள், என்னலே, என்னலே என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முகம் முதலில் வெளுத்தது. பிறகு கழுத்திலிருந்து சிவப்பு ஏறியது. சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

"என்னட்டி சொன்ன? என்ன சொன்ன? புருசன் பேரச் சொல்லுத அளவுக்கு வந்துட்டியா? திமிரு, ஒடம்பு பூரா திமிரு! கட்டுன நாள்லேர்ந்து ஒருநா, ஒரு தடவ வாய் தவறிக்கூடச் சொன்னதில்ல, இன்னைக்கு மகன் மருமக முன்னால வச்சு எம் மொகத்துக்கு நேர..."

அங்கே நின்றுவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது போலிருக்கிறது. வாய் திறந்தபடி இருந்தது.

உலகம்மாளுக்கு அழுகை வரவில்லை, பூரிப்பு வந்தது. சத்தியமாகப் பூரிப்புதான். எத்தனை மாசம் ஆகிறது இந்தக் குரலைக் கேட்டு! குழம்பில் உப்புக் கூடினால் வருகிற குரல், பால்காரனிடம் அதிகம் பேசினாள் என்று வருகிற குரல், அவளையும் ஒரு ஆளாக வைத்து எதிரே நின்று கத்துகிற குரல். திமிர் என்றாரே. வியாதிக்காரிக்குத் திமிர் உண்டா? உள்ளே ஒருத்தி இருந்தால்தானே திமிர் இருக்கும். அவருக்குத் தெரியும். ஒருநாளும் சொன்னதில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஹேமலதா பேனாவை மூடினாள். "மாமா" என்றாள் மெதுவாக. "அத்தை உங்க பேரைச் சொன்னதே இல்லேன்னு உங்களுக்குத் தெரியுமா? அப்ப அன்னிக்கு டாக்டர்கிட்ட..."

அவர் மருமகளைப் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். இரண்டு மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அந்த நேரத்துக்குள் அவர் உண்டு இல்லை என்று எதையாவது சொல்லியிருந்தால் இந்த வீடு வேறே வீடாக ஆகியிருக்கும். ஆனால் சிதம்பரம் பாசமான பிள்ளை. எழுந்துவந்து அப்பா தோளில் கையை வைத்தான்.

"அப்பா, கோவப்படாதீங்க. ஒங்களுக்கு பிரஷர் ஏறிரும். அம்மாவா பேசுது? இப்படியெல்லாம் வரும்னு டாக்டர் சொன்னார்லா. பேசாத பேச்செல்லாம் பேசுவாங்கன்னு."

அவர் அதைப் பிடித்துக்கொண்டார். உலகம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கண்ணெதிரே அந்தச் சிவப்பு கழுத்துக்கு இறங்கியது, கை சோபாவைத் தேடியது, உட்கார்ந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியது. "ஆமாலே" என்றார். "நான்தான் புத்தியில்லாம... பாவம், அவளுக்கு என்ன தெரியும்." பிறகு அவளைப் பார்த்து, பஞ்சு வைத்த அந்தக் குரலில், "சரிட்டி, வரலாம், எல்லாரும் போவோம். நீ போயி கீரையப் பாரு" என்றார்.

ஹேமலதா தலையைக் குனிந்துகொண்டாள். போனை எடுத்த சிதம்பரம், ஒண்ணுமில்ல அத்த, அம்மாவுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சு, அப்புறம் பேசுதோம் என்று சொல்லி அணைத்தான்.

உலகம்மாள் நகரவில்லை. கோவில்பட்டிக்கு இனிமேல் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அது போனால் போகட்டும் என்று நினைக்க முடியவில்லை, ஆனால் அதைவிடப் பெரியது ஒன்று இந்தச் சோபாவில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் ஓரடி முன்னால் போய், அவர் முகம் நிமிர்ந்து தன்னைப் பார்க்கும்வரைக்கும் நின்றாள்.

"ஏங்க" என்றாள். "இப்பத் திட்டுனீங்கள்லா, அது மாதிரி இன்னும் ரெண்டு வார்த்த திட்டுங்க. நிப்பாட்டாதீங்க."